பார்வையிடப்பட்டது

காலைச் சாப்பாடு முடிந்த கையோடு ஆய்வாளர் கூடத்துச் சன்னல்களின் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். வெளிச்சம் தொலைக்காட்சியில் விழக்கூடாது என்பது ஒரு காரணம். வேலை நாளும் அதுவுமாகக் காலை நேரத்தில் இவர் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்பது பெரிய காரணம். ஓய்வு பெற்றவருக்கு வேலை நாள் ஏது என்று கேட்கலாம். அவரிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க," என்றாள் மனைவி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "இன்னிக்கு எத்தனை பாடம்?"

"கதவைச் சாத்திட்டுப் போ."

"சம்பந்தி வந்து கேள்வி கேப்பாரோ? பெஞ்சு மேல ஏத்துவாரோ?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

திரையில் படங்கள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாம் சம்பந்தி சொன்ன படங்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே ரிமோட்டை எடுத்துக் கூட்டல் குறியை அழுத்திச் சேர்த்து வைத்திருந்தார். சேர்த்து வைத்ததோடு சரி. சில படங்களின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அது அவர் பார்க்க ஆரம்பித்துத் தூங்கிப்போன இடம். மற்றவற்றுக்கு அந்தக் கோடும் இல்லை. ஒரு வருடத்துப் பாக்கி. வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்து ஒரு வாரம் தங்கப்போகிறார். அதற்குள் அத்தனையையும் பார்த்துத் தீர்த்தாக வேண்டும். ஏனென்றால் அத்தனையையும் பார்த்துவிட்டதாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

இதைச் செய்தவர் யார் என்பதைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவர். அவர் சம்மதமில்லாமல் அந்த ஊரில் ஒரு மாடிப்படிகூட மேலே ஏறியதில்லை. தூணுக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டும் முன்பு, நேரில் போய்க் குனிந்து, கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுப்பார். 'பார்வையிடப்பட்டது.' கான்கிரீட் இறுகிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். வெளியே இருப்பவனுக்கு இருக்கும் ஒரே சாட்சி, பார்த்தேன் என்று ஒருவன் சொன்ன சொல். கட்டட வேலைக்காரர்கள் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதிலும் விழுந்தது. அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

பெண்ணுக்குச் சம்பந்தம் பேசியபோது பையனின் அப்பா, பல் மருத்துவர், சொன்ன வார்த்தை இந்த வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டப்படுவது. "உங்களைப் பத்தி நாலு இடத்துல கேட்டேன் சம்பந்தி. 'அவர் பாத்தேன்னா பாத்திருப்பார்'னு நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எதையும் விசாரிக்கல." குடும்பத்துக்குச் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்த வார்த்தைதான் சொத்து.

அந்தச் சம்பந்திக்குத்தான் கண் போனது. முழுக்கப் போகவில்லை, நடுப்பார்வை மட்டும். ஓரத்தில் எல்லாம் தெரியும். நேராக எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. சுவர் தெரியும், நாற்காலிக் கால் தெரியும், மனிதர்களுக்கு முகம் இருக்காது. மனைவியும் காலமாகிவிட்டதால் பொழுது போவதற்குப் படம் கேட்க ஆரம்பித்தார். கேட்பதுதான். யாரும் பேசாத இடங்களில் தடுமாறுவார். மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன நடக்கிறது, என்ன நடக்கிறது என்று நச்சரிக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போய்வருகிற பெண். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இவரைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, ஒரு படம் சொல்றேன். அதைப் பாத்துட்டு, ஒரு இடத்துல என்ன நடக்குதுன்னு மட்டும் எனக்குச் சொல்லணும்."

"பாக்கறேன் சம்பந்தி," என்றார் இவர்.

நம் பேச்சில் 'பாக்கறேன்' என்றால் பார்க்கமாட்டேன் என்று பொருள். வேலை கேட்டு வந்தவனையும் வரன் கேட்டு வந்தவரையும் இந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறோம். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை கெடாது. ஆய்வாளர் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார். நிழல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது வேலையற்றவன் வேலை என்பது அவர் கட்சி. கண் தெரியாத மனிதர் அந்தச் சொல்லை அப்படியே நம்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, "பாத்தீங்களா?" என்றார்.

இல்லை என்றால் சம்பந்தியை மதிக்கவில்லை என்றாகும். "பாத்துட்டேன்," என்றார். மூச்சு விடுவதுபோல வந்துவிட்டது.

"கடைசியில அந்தத் தங்கச்சி அண்ணன் வீட்டுக்கு வர்றா இல்லையா? அவ நடந்து வர்ற சத்தம் கேக்குது. அப்புறம் கதவுச் சத்தம். அதோட பாட்டு போட்டு முடிச்சுட்டான். என்னதான் ஆச்சு?"

ஆய்வாளர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார். "கதவு திறக்குது. சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"சிரிக்கிறாங்களா," என்றார் சம்பந்தி. தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். "ரொம்ப நன்றி சம்பந்தி."

முதல் முத்திரை அப்படி விழுந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று. அந்தச் சத்தம் மழையா என்றால், நல்ல மழை, சன்னலெல்லாம் நனைகிறது என்பார். சகோதரர்கள் பேசாமல் இருக்கிறார்களே என்றால், தோளில் கைபோட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்பார். சொல்லும்போது கூசியது. தொலைபேசியை வைத்ததும் கூச்சம் போய்விட்டது. அதுதான் இன்னும் மோசம்.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. மழை பெய்யவே இல்லை. வெயில் காய்கிற சமையலறையில் யாரோ எண்ணெயில் எதையோ பொரித்துக்கொண்டிருந்தார்கள். சகோதரர்களில் ஒருவன் பாதி வழியில் ரயிலைவிட்டு இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போனான். இவர் சொன்ன இடங்களில் ஒன்றாவது குருட்டாம்போக்கில் சரியாக இருந்திருக்கக்கூடாதா? இல்லை. எல்லாம் தவறு. கம்பியே இல்லாத தூண்களாக நிறுத்தி வைத்திருந்தார்.

நெடுநேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் படம் தானாக நின்று, திரையில் ஒரு கேள்வி வரும்: இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? முதல் தடவை வந்தபோது முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. பணியில் இருந்த காலத்தில் மேலதிகாரிகூட அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று பெட்டியிடம் முறைத்துவிட்டு ஆமாம் என்று அழுத்தினார். சமையலறையிலிருந்து மனைவி, "யார்கிட்ட பேசறீங்க?" என்றாள்.

கதவுப் படத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை அதைத் தவிர வேறு பாக்கி இல்லை. போட்டார். நல்ல படம், அதுவும் வயிற்றெரிச்சல். அண்ணனோடு மனத்தாங்கலாகிப் போன தங்கை பல வருடம் கழித்து அவன் வீட்டு வாசலுக்கு வருகிறாள். உள்ளே அவன் இருமுவது கேட்கிறது. தட்டக் கையைத் தூக்குகிறாள். தட்டவில்லை. தன்னிடமிருந்த அந்த வீட்டுச் சாவியைக் கதவின் அடியிடுக்கில் தள்ளிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். வெளிக்கதவை இழுத்துச் சாத்துகிறாள். சம்பந்தி கேட்டது அந்தச் சத்தம். சிரிப்பு என்று அந்த முகத்தில் எதுவுமே இல்லை.

ஆய்வாளர் ஒரு சப்பைக்கட்டைத் தயார் செய்துகொண்டார். வயதாகிவிட்டது, ஒரு படத்தை இன்னொரு படத்தோடு குழப்பி மாற்றிச் சொல்லிவிட்டேன். மறதி கௌரவக் குறைவு இல்லை. நல்ல குடும்பங்களிலும் மறதி வரும்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மகள் மாமனாரைக் காரில் அழைத்துவந்தாள். அவர்கள் வீட்டில் குளியலறையை உடைத்துத் தரை போடுகிறார்கள். மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார். சம்பந்தி வாசலில் நின்று தலையை ஒருக்களித்து, பறவை பார்ப்பதுபோலப் பார்த்தார். கண்ணோரத்தில் ஆளைப் பிடிக்கிற வித்தை அது.

"சம்பந்தி இளைச்சுட்டீங்களோ?"

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"தெரியலைன்னுதானே கேக்கறேன்," என்று சிரித்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஆய்வாளரின் மனைவியிடம், "வாழ்நாள் பூரா அடுத்தவங்க வாயையே பாத்தேன் சம்பந்தியம்மா. இப்ப வாய் எங்க இருக்குன்னே தெரியல. சத்தம் வர்ற பக்கமா திரும்பிக்கறேன்," என்றார்.

தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, உங்களால ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. நேர்ல சொல்லணும்னே போன்ல சொல்லல. எனக்கும் என் தங்கச்சிக்கும் பேச்சு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அம்மா போன அன்னிக்கு நான் விட்ட ஒரு வார்த்தை. அந்தக் கதவுப் படம் கேட்டதுலேர்ந்து மனசு ஆறல. போன மாசம் மருமகளைக் கூட்டிக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். படியேறும்போது திரும்பிடலாமான்னு தோணுச்சு. நீங்க சொன்னதைத்தான் நெனச்சுக்கிட்டேன். கதவு திறக்குது, சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அதே மாதிரி கதவு திறந்துச்சு. 'வா'ன்னா. ஒரே ஒரு வார்த்தை. அச்சு அசல் அந்தப் படம்தான்."

ஆய்வாளர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். குழப்பி மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று தொடங்கவேண்டிய இடம் அதுதான். தொடங்கவில்லை.

"கிளம்பறதுக்கு முந்தி, மனசு கேக்காம இவகிட்டயும் கேட்டேன். இவ கூடத்துல துணி மடிச்சுக்கிட்டே அந்தப் படத்தைப் பாத்தவதானே. 'அப்பா சொன்னது சரிதான் மாமா'ன்னு சொன்னா. உங்க வீட்டுப் பேச்சை நான் போய் இன்னொருத்தர்கிட்ட சரிபார்த்தேன் பாருங்க. அதுக்கு மன்னிச்சுக்கணும்."

ஆய்வாளர் மகளைப் பார்த்தார். அவள் தேநீர்க் கோப்பையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டில் அவள் ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போய் நின்றார். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் ஒரு துணிக்கவ்வியை எடுத்துக் கொடுத்தார். அவர் அந்த வீட்டில் அதுவரை துணிக்கவ்வி எடுத்துக் கொடுத்தவர் இல்லை.

"தெரிஞ்சேதான் சொன்னியாம்மா?"

"ம்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? 'படம் பாக்காமலே பாத்தேன்னு சொன்னீங்களாப்பா'ன்னா?" அவள் ஒரு சட்டையை உதறினாள். "இல்ல, அவர்கிட்டத்தான் என்னன்னு சொல்றது? எங்கப்பா புளுகிட்டார்னா? எந்தப் பேச்சை நம்பி என்னை அந்த வீட்டுக்கு எடுத்தாங்களோ, அந்தப் பேச்சை நானே போய் உடைக்கவா?"

"நான் குத்தின முத்திரைக்கு மேல நீ ஒண்ணு குத்திட்டே."

"நீங்க பாக்காம குத்தினீங்க. நான் பாத்துட்டுக் குத்தினேன். எது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்க."

எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்து, இடித்துக் கட்டச் சொன்ன மனிதர். பெற்ற பெண் ஈரச்சட்டையோடு நின்று கேட்ட கேள்விக்கு, கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விட்டுடுங்கப்பா," என்றாள், குரலை இறக்கி. "சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் எவ்வளவு சந்தோஷமா இருக்கார். சிரிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் பிற்பகல் சம்பந்தி கேட்டார்: "கதவுப் படத்தை ஒரு தடவை சேர்ந்து பாத்துடலாமா? நீங்க பக்கத்துலேர்ந்து சொன்னா நானும் பாத்த மாதிரி." வேலைக்கு விடுப்புப் போட்டிருந்த மகளும் வந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று தகப்பனுக்குக் கண்ணால் சொன்னாள். படத்தைப் போடவேண்டாம் என்கிறாளா, உண்மையைச் சொல்லவேண்டாம் என்கிறாளா? இரண்டும்தான்.

படம் ஓடியது. பேச்சில்லாத இடங்களில் ஆய்வாளர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். வாசல்படி மூணாவது தேய்ஞ்சிருக்கு. அண்ணன் சட்டையில மேல் பொத்தான் இல்ல. கட்டடங்களைப் பார்த்த கண் அல்லவா, எதையும் விடவில்லை. சம்பந்தி ரசித்துக் கேட்டார். "அடேயப்பா, போன்ல இவ்வளவு சொல்லலையே நீங்க," என்று முழங்காலில் தட்டினார். ஆய்வாளருக்கு அந்தத் தட்டு வலித்தது.

கடைசி இடம் வந்தது. காலடிச் சத்தம். சம்பந்தி தலையைச் சாய்த்து, ஒரு கையை லேசாகத் தூக்கி, எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்வதுபோலக் காத்திருந்தார். சிரிக்கிறாங்க என்று சொன்னால் போதும். ஆனால் கண்முன்னே அந்த முகம் இருந்தது. பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லியாயிற்று. பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

"கையைத் தூக்கறா. தட்டல," என்றார். "சாவியைக் கதவுக்கு அடியில தள்றா. திரும்பிப் போறா."

கதவுச் சத்தம் கேட்டது.

"அது வெளிக்கதவு. சாத்திட்டுப் போறா. சிரிக்கல, சம்பந்தி."

பாட்டு ஆரம்பித்தது. ரிமோட்டை எடுத்து அவரே நிறுத்தினார். "அன்னிக்கு நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னேன். இந்த ஒரு படம் மட்டும் இல்ல." மறதியை இழுக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தே சொன்னார். அதற்கு மேல் வளையத் தெரியாது. சொல்லி முடித்ததும், அவமானம் தன்னோடு போயிற்று என்று நினைத்தார். அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது.

சம்பந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எழுந்து நின்று வாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் முகம் மெல்ல மருமகள் இருந்த பக்கம் திரும்பியது.

"நீ பாத்தேன்னு சொன்னியேம்மா."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்," என்றார் ஆய்வாளர் முந்திக்கொண்டு.

"இல்ல மாமா. அப்பாவுக்குத் தெரியாது. நானாதான் சொன்னேன்."

பாவமன்னிப்புக் கேட்க உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு பொய்யைச் சொன்னார்; அதையும் மகள் எல்லார் முன்னாலும் பிடித்துக் கீழே போட்டுவிட்டாள். ஆய்வாளர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

சம்பந்தி வேறு எதையோ கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு என் தங்கச்சி கதவைத் திறந்தப்ப நீ என் பக்கத்துல நின்னே. அவ 'வா'ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. முகம் எனக்குத் தெரியாது இல்லையா? சிரிச்சான்னு நானா எடுத்துக்கிட்டேன், படத்துல சிரிச்சாங்களேன்னு. அவ சிரிச்சாளாம்மா?"

"சிரிச்சாங்க மாமா."

உடனே வந்தது பதில். உடனே வந்ததே பிசகாகப் பட்டது. சம்பந்தி தலையை ஒருக்களித்தார். ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம். கண்ணின் ஓரத்தால் அவள் முகத்தைப் பிடிக்கப் பார்த்தார். விசாரிக்காமல் பெண் எடுத்த மனிதர் அந்த வீட்டுச் சொல்லை விசாரித்தார். கண் இருந்திருந்தால் ஒரு நொடியில் முடிகிற காரியம். அவள் ஆடாமல் அசையாமல், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்து தளும்பியது.

அவள் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். ஆய்வாளரும் மகளின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பெற்றவர், கண் நன்றாகத் தெரிகிறவர். அவருக்கும் தெரியவில்லை. இனி அந்தப் பெண் மெய்யைச் சொன்னாலும் யாராவது இப்படித் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். அதை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது தான்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"சரிம்மா," என்றார் சம்பந்தி. "போய் முகத்தைக் கழுவிக்கோ."

அவர் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுவார் என்று ஆய்வாளர் எதிர்பார்த்தார். சொல்லவில்லை. மறுநாள் காலை தானே தடவி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "மழைப் படத்தைப் போடுங்க சம்பந்தி," என்றார். பேச்சில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

அந்தச் சமையலறை வந்தது. சடசடவென்று சத்தம்.

"இது என்ன?"

"எண்ணெய்ச் சட்டி, சம்பந்தி. வெளியில நல்ல வெயில்."

சம்பந்தி தலையாட்டினார். சற்றுப் பொறுத்து, மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தாழ்த்திக்கொண்ட குரலில் கேட்டார்: "பாத்துத்தானே சொல்றீங்க?"

திரைச்சீலைகள் மூடியிருந்தன. தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவிக்குக் கேட்டது. அவள் இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

"பாத்துத்தான் சொல்றேன்," என்றார் ஆய்வாளர்.

அடுத்த சத்தத்துக்கும் கேட்டார். அதற்கடுத்ததற்கும் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஆய்வாளர், நிமிர்ந்து உட்கார்ந்து, பாத்துத்தான் சொல்றேன் என்று சொன்னார்.